பஞ்சாய்ப் போன பிடித்தம்

தலையணைக்காரர் எழுந்து நின்றபோது அவர் சட்டையிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கு கழன்று ஜன்னல் வெயிலில் மிதந்தது. மதியச் சாப்பாடு முடித்து வந்திருந்த தீர்ப்பாயம் மொத்தமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

தொழிலாளர்களின் பி.எஃப். பணத்தை ஏழு மாதம் தாமதமாகக் கட்டினார் என்று அபராதம். அதை எதிர்த்துத்தான் வழக்கு. மொத்த அபராதமும் உறுதியானால் அவருடைய தலையணைப் பட்டறையின் ஒரே பஞ்சடிக்கும் மெஷினை விற்க வேண்டும். பிறகு அங்கே மிஞ்சுவது ஊசி, நூல், தும்மல்.

வக்கீல், தங்கை புருஷன். ஃபீஸ் கேட்க முடியாத இடத்தில் பெண் எடுத்தவர். உள்ளே வருமுன்பே சொல்லிவைத்திருந்தார்:

"வெள்ளத்துல பஞ்சு நனைஞ்சுபோச்சு, வேணும்னு செய்யல. இத மட்டும் சொல்லுங்க மச்சான். மேல வாயத் திறக்காதீங்க."

வெள்ளம் உண்மைதான். கிடங்கில் மூட்டைகள் நீரைக் குடித்துப் பருத்து, வழிதவறி வந்து படுத்துவிட்ட மேகங்களாகக் கிடந்தன. மொட்டைமாடியில் மேகம் காயப்போட்ட ஒரே முதலாளி இவராகத்தான் இருப்பார்.

"அந்த ஏழு மாசமும் சம்பளம் கொடுத்தீங்களா?" என்றார் நீதிபதி.

"கொடுத்தேங்க."

"பிடித்தம் போகவா?"

"போகத்தாங்க."

"பிடிச்சது எங்க?"

வக்கீல் இருமினார். சட்டப்படி அது ஆட்சேபணை ஆகாது.

கடைசி பெஞ்சில் பட்டறையின் மூத்த தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் தலையணைக்காரருக்கு நாக்குவரை வந்த பொய் திரும்பி உள்ளே போய்விட்டது.

"புதுப் பஞ்சு வாங்கிட்டேங்க. தலையணையா வித்தாச்சு. இப்ப யாராவது அதுமேல தூங்கிட்டிருப்பாங்க."

யாரோ முகம் தெரியாத ஒருவர் தையல்காரம்மாவின் வயதான காலத்தின்மேல் தலைவைத்துக் குறட்டை விடுவது அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது போலிருந்தது.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். முதலாளியின் பங்கு தாமதமானதற்கு வெள்ளம் காரணம்; அந்த அபராதம் ரத்து. தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பங்கு வெள்ளத்தில் நனையவில்லை. அதற்கான அபராதம் முழுசாக, மாதத் தவணையில்.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீல் விடவில்லை. "மேல்முறையீடு போடுவோம் மச்சான். இழுத்தா நாம ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓடும்."

"நான் அடுத்த வருஷமே ரிட்டயர்," என்றார் பின்னால் வந்த தையல்காரம்மா. "தவணையக் கட்டுங்க முதலாளி. மெஷினையும் விக்க வேணாம்."

"வேணாம் மாப்பிள்ளை," என்றார் தலையணைக்காரர். "கட்டிடறேம்மா."

"தேதிக்கா?"

"முந்தின நாளே."

தையல்காரம்மா நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பஸ்ஸில் முதலாளிக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தார்.