சண்டையில் விளைந்த நிலம்

லிஃப்ட்காரரும் அவர் மனைவியும் சண்டை போட்டால்தான் ஆறாம் துண்டு நிலத்தில் ஏதாவது விளையும். இதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. முதல்முறை அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் தாழும் நேரத்தில். லிஃப்ட்காரர் தண்ணீர்க் குழாயை மூடாமல் விட்டதில் முள்ளங்கிப் பாத்தி சேறாகிக் கிடந்தது. மனைவி அங்கே ஆரம்பித்து, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வேலையை விட்டதைத் தொட்டு, அவருடைய அக்கா கல்யாணத்தன்று தன் நிறத்தைப் பற்றிச் சொன்ன சொல்வரை வந்து சேர்வதற்குள், ஒரு முழம்கூட இல்லாத அவரைக்கொடி கம்பின் உச்சியைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் பக்கத்துத் துண்டின் வேலிக்குத் தாவிவிட்டது. சண்டை மும்முரத்தில் இருவரும் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் களை பறித்துக்கொண்டிருந்த முடிவெட்டுபவர்தான் பார்த்தார். கொடியைப் பிரித்து எடுத்து அவர்கள் பக்கமே திருப்பி விட்டுவிட்டு, மறுபடி களை பறிக்கப் போய்விட்டார். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் போவது அவருக்குப் பிடிக்காது.

நிலம் சங்கத்துடையது. புதிதாக விவசாயம் பழகுகிறவர்களுக்காகவே ஏற்பட்ட சங்கம் அது. அந்த ஊரில் யாரும் எதையும் விளைவித்ததில்லை. உப்பிலிருந்து கீரைவரை எல்லாம் மலைப்பாதை வழியாக லாரியில்தான் வரும். லாரி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று செயலாளரம்மா பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல நாளில் எழவுப் பேச்சு என்று ஊர் முகம் சுளித்தது. அவர் விடவில்லை. மூடிக் கிடந்த ஓட்டுத் தொழிற்சாலையின் நிலத்தை நடையாய் நடந்து கேட்டு வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, மண்வெட்டியைத் தொட்டே பார்த்திராதவர்களுக்குக் கொடுத்தார். விதை, தண்ணீர், ஒரு பயிற்சியாளர் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. பதிலுக்கு விளைச்சலில் பாதி சனிக்கிழமைப் பெட்டிக்குப் போகவேண்டும். வாங்க வழியில்லாத வீடுகளின் வாசலில், கதவைத் தட்டாமல் வைத்துவிட்டு வருகிற காய்கறிப் பெட்டி அது. துண்டு எப்போதும் இருவருக்குத்தான் என்பது விதி. தனி ஆளாக வந்தவன் முதல் கோடை முடிவதற்குள் ஓடிவிடுவான் என்பது பயிற்சியாளரின் அனுபவம். வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்து, திரும்பப் புதைத்தார். முடிவெட்டுபவர், நாற்றுகள் ஏற்றத்தாழ்வாக நிற்பதைப் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக நறுக்கிவிட்டார். சங்கம் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் விதை கொடுத்தது.

லிஃப்ட்காரர் ஊரிலிருந்த லிஃப்ட்களையெல்லாம் பழுது பார்த்தவர். பாதி ஆயுளை இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கியபடி கழித்தவர் என்பதால் அதிகம் பேசமாட்டார். மனைவி தொலைபேசிக் கம்பெனியின் புகார் பிரிவில் இருந்தவர். முகம் தெரியாதவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்று சொல்வதுதான் அங்கே வேலை. அப்படித் திருப்பிச் சொல்லாமல் விழுங்கிய பேச்சு அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஊரில் அவரைப் புகாரம்மா என்றார்கள். வேலைப் பழக்கம் விடாது. கணவரைக் கிழிகிழியென்று கிழிக்கும்போதும் மரியாதை குறையாது. "நீங்கல்லாம் ஒரு மனுஷனா, தயவுசெஞ்சு சொல்லுங்க," என்பார்.

ஆறாம் துண்டின் விளைச்சலைப் பார்த்த பயிற்சியாளர் முதலில் எருவைச் சந்தேகப்பட்டார். மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சாதாரண மண் என்று பதில் வந்தது. பிறகு புகாரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. லிஃப்ட்காரர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். உடம்பு தேறி இருவரும் சிரித்துப் பேசியபடி நிலத்துக்கு வந்த அன்று, பழுத்திருந்த தக்காளி மறுபடி பச்சையானது. ஒரு பூசணிக்காய் பிஞ்சாகி, பூவாகி, கடைசியில் மொட்டாக மூடிக்கொண்டது. பயிற்சியாளர் வெகுநேரம் அங்கேயே நின்றார். "பாடிக் கறக்குற மாட்டைப் பாடித்தான் கறக்கணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. தபால்காரர் தன் கூட்டாளியான தம்பியுடன் அப்பா சொத்தைப் பற்றி ஒரு மதியம் முழுக்கக் கத்திப் பார்த்தார். கட்டைவிரல் அளவுக்கு நாலு முள்ளங்கி வந்தது. தம்பி அதற்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார். அது ஆறாம் துண்டுக்கு மட்டும் வாய்த்தது என்று ஊர் விட்டுவிட்டது.

அந்த வருஷ மழையில் மலைப்பாதை சரிந்தது. பாலம் இருந்த இடத்தில் இரண்டு தூண்கள் நின்றன. லாரி வரவில்லை. கடைக்காரர்கள் முதலில் விலையை ஏற்றினார்கள், அப்புறம் ஏற்றுவதற்குச் சரக்கு இல்லாமல் கதவைச் சாத்தினார்கள். செயலாளரம்மாவைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் சங்கத்து வாசலில் பையோடு நின்றார்கள். புதிய விவசாயிகள் அரைகுறையாகக் கற்றதை வைத்து விளைவித்தது பாதித் தெருவுக்குக்கூடப் போதவில்லை. மிச்சமிருந்தது ஆறாம் துண்டுதான். அங்கேயோ, அக்கம்பக்கத்துக் கஷ்டத்தைப் பார்த்துப் பார்த்து மனசு இளகிப்போய், இருவரும் ஒருவருக்கொருவர் அனுசரணையாக இருந்தார்கள். செடிகள் வாடின. செயலாளரம்மா அவர்கள் வீட்டுக்குப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிட்டா நல்லா இருக்கும்," என்றார்.

"பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்," என்றார் லிஃப்ட்காரர்.

"அப்படி இல்ல. நிலத்துல பேசிக்குவீங்களே, அந்த மாதிரி."

புகாரம்மா சிரித்துவிட்டார். செயலாளரம்மா சிரிக்கவில்லை. அடுப்பு பற்றவைக்காத வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு, இப்போது அது தெருத்தெருவாக வருகிறது என்றார். "என் தலையெழுத்தப் பாருங்க. ஒரு குடும்பத்துல சண்டை வரணும்னு கையெடுத்துக் கும்பிடுறேன்," என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் நடித்தார்கள். யார் எதைச் சொல்வது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு இலை அசையவில்லை. வேலிக்கு வெளியே காலிப் பெட்டிகளோடு நின்ற கூட்டம் இருமியது. லிஃப்ட்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "உனக்குக் கைவந்த கலையாச்சே, இன்னிக்கு என்ன கேடு?" என்று வாயைவிட்டார். புகாரம்மா நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் நடிக்கவில்லை. வெண்டைச் செடிகள் சடசடவென்று நிமிர்ந்தன. அன்று பெட்டிகள் நிரம்பின.

ஆனால் ஒருமுறை போட்ட சண்டை மறுமுறை அதே விளைச்சலைத் தரவில்லை. அக்காவின் சொல் முதல் வாரம் கூடை கூடையாகக் கொடுத்தது, மூன்றாம் முறை எடுத்தபோது ஒரு பிடி கீரைதான் வந்தது. ஒரே பயிரைப் போட்டால் மண் சலித்துப்போகும், மாற்றிப் போடவேண்டும் என்றார் பயிற்சியாளர். அவர் சொன்னது விவசாயம்தான். வாராவாரம் இருவரும் புதிதாக ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். சொல்லவே தேவையில்லாதவையெல்லாம் வெளியே வந்தன. கல்யாணமாகி முதல் வருஷமே திரும்பிப் போய்விடலாமா என்று பெட்டியைக் கட்டி வைத்ததைப் புகாரம்மா சொன்னார். மனைவிக்கு இரவு வேலை விழும் நாட்களில் வீடு நிம்மதியாக இருந்ததை லிஃப்ட்காரர் சொன்னார். வேலிக்கு வெளியே நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். கேட்டுவிட்டு, காயை வாங்கிக்கொண்டு, அடுப்பு மூட்டினார்கள். லிஃப்ட்காரர் வீட்டுக்கோ, நிலத்தில் சொன்ன சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. இருவரும் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றவர் உட்கார்ந்தார். ஒருநாள் நிலத்துக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே புகாரம்மா சொன்னார். "இப்படியே போனா நமக்குள்ள திட்டறதுக்கும் ஒண்ணும் இருக்காது, சேந்து இருக்கறதுக்கும் ஒண்ணும் இருக்காது." லிஃப்ட்காரர் கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அது என்னவென்று ஊருக்கே தெரியும். நிலத்துக்கு வருவதற்கு முன் அவர்கள் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் குடியிருந்தார்கள். ஊர் லிஃப்ட்களையெல்லாம் பழுது பார்த்தவரின் சொந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் நின்றுபோனது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலை, அவர் கருவிப் பையை எடுப்பதற்குள், புகாரம்மாவின் அப்பா மகளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் வந்தார். படியேறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றிப் புகாரம்மா அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் வேலையை விட்டார், வீட்டைக் காலி செய்தார், படியே இல்லாத ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்தார், சங்கத்தில் சேர்ந்தார். விவசாயப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. அந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கமுடியாது. அது இருவருக்கும் தெரியும். அதனால்தான் எவ்வளவு கடுமையாகச் சண்டை போட்டாலும் அந்தப் பக்கம் போகாமல் திரும்பினார்கள்.

பாதை திறக்க இன்னும் நாளாகும் என்று செய்தி வந்த வாரம், சங்கத்துக் கிடங்கில் கூட்டிப் பெருக்கவும் ஒன்றும் இல்லை. அன்று வேலியைச் சுற்றி ஊரே நின்றது. அவரைக்கொடி காய்ந்து கம்பிலிருந்து தொங்கியது. புகாரம்மா குழாயைப் பற்றி ஆரம்பித்தார், குறட்டையைச் சொன்னார், அக்காவை இழுத்தார். மண் அசையவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அன்று கூட்டத்தை விட்டு முதலில் பறந்தது வெட்கம். எந்தச் சண்டைக்கும் நடுவில் போகாத முடிவெட்டுபவர்தான் வேலிமேல் கை வைத்து, "அந்த லிஃப்ட் விஷயத்த எடுங்கம்மா," என்றார். அவரை யாரும் அதட்டவில்லை. செயலாளரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சொல்லிடு," என்றார் லிஃப்ட்காரர்.

"எதை?"

"உங்கப்பா விஷயத்த. என்னாலதான் போனாருன்னு சொல்லு. மனசுல இருக்குல்ல."

"சொல்ல மாட்டேன்."

"எல்லாரும் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். பட்டினி கிடக்கட்டும். நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாம இருக்கறதுதான் என்னைக் கொல்லுது," என்றார் லிஃப்ட்காரர். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "தினமும் வாய மூடிக்கிட்டு எனக்குச் சோறு போட்டியே. ஒரே ஒரு தடவ சொல்லித் தொலைச்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

"முந்தின நாள் சாயங்காலம் லிஃப்டப் பாக்கப் பையோட கிளம்பின உங்கள, 'நாளைக்குப் பாத்துக்கலாம், வந்து சாப்பிடுங்க'ன்னு உக்கார வெச்சது யாரு? நீங்களா, நானா?"

"லிஃப்ட் என் வேலை. தப்பு என்னுது."

"சாப்பிடக் கூப்பிட்டது நான். போனது எங்கப்பா. அந்தப் பழி என்னுது. உங்களுக்கு எதுக்குத் தரணும்?"

"என்கிட்ட கொடு. தயவுசெஞ்சு கொடு."

"தரமாட்டேன். செத்தாலும் தரமாட்டேன்."

முதலில் வேலி சாய்ந்தது. காய்ந்த அவரைக்கொடி பச்சையாகி, ஒரே மூச்சில் மூன்று துண்டுகளைத் தாண்டி, தொழிற்சாலைப் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு ஏறியது. பூசணிக்காய்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளியபடி பெருத்ததில் கூட்டம் தெருவரை பின்வாங்கியது. தபால்காரர் தோண்டிப் பார்த்துப் பார்த்து உயிரை வாங்கிய விதைகளும், முடிவெட்டுபவர் நறுக்கிய நாற்றுகளும்கூட அன்று தலை நிமிர்ந்தன. உள்ளே இருவரும் எதையும் பார்க்கவில்லை. தா, தரமாட்டேன் என்ற குரல் மட்டும் இலைகளுக்கு நடுவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அதுவும் நின்று, இரண்டு பேர் அழுகிற சத்தம் கேட்டது. பயிற்சியாளர் அரிவாளோடு வழி வெட்டிக்கொண்டு போய் அவர்களைக் கூட்டி வந்தார். லாரி வரும்வரை ஊர் அதைத்தான் சாப்பிட்டது. புளிப்பாக இருந்தது, கசப்பாக இருந்தது என்று யாரும் குறை சொல்லவில்லை. நன்றாகவே இருந்தது.

பாதை திறந்து பல வருஷம் ஆகிவிட்டது. புகைபோக்கியில் இன்னும் அவரை காய்க்கிறது. ஏணி வைத்துப் பறிக்கிறார்கள். ஊரில் விவசாயம் தெரிந்தவர்கள் கூடிவிட்டதால் லாரி வராவிட்டாலும் சமாளிக்கலாம் என்று செயலாளரம்மா சொல்கிறார், இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. முடிவெட்டுபவர் புகாரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். லிஃப்ட்காரருக்குக் கடைசிவரை காசு வாங்காமல் முடிவெட்டுவதாகச் சொல்லி, அப்படியே செய்கிறார். வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மற்றவர்கள் ஆறாம் துண்டுப் பக்கம் போவதில்லை. அது அவர்கள் நேரம். லிஃப்ட்காரர் கேட்பார், புகாரம்மா மறுப்பார். மற்றச் சண்டைகளுக்குச் சலித்துப்போன மண் இந்த ஒன்றுக்கு மட்டும் இதுவரை சலிக்கவில்லை. ஏன் என்று பயிற்சியாளரைக் கேட்டால் தெரியாது என்கிறார். முடிந்ததும் கூடைக்கு ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்துச் சங்கத்தில் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமையும் அவர் கேட்டார், அந்த அம்மா தரவில்லை. மூன்று பூசணி, ஒரு கூடை அவரை, கொஞ்சம் கீரை பெட்டிக்கு வந்தது.