எரிமலைத் தாய்க்கு ஒரு கடிதம்

சிவபாதம் ஒரு இத்தாலியப் படத்தில் வில்லனாக நடித்தவர் என்பது கனடாவின் ஸ்காபரோவில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் அவரோடு ஐந்து நிமிடம் பேசிப் பார்க்காதவர்கள். கலியாண வீடோ செத்த வீடோ, சாப்பாட்டுக் கோப்பை கைக்கு வருவதற்குள் அவர் எண்பத்தைந்தாம் ஆண்டு ரோமுக்குப் போய்விடுவார். தீவை ஆளும் தலைவன் அவர். கதாநாயகனோடு மலையுச்சியில் வாட்சண்டை. கடைசியில் கதாநாயகனே கண்கலங்கும்படி ஒரு வீரமரணம். படத்தை ஒருவரும் பார்த்ததில்லை. அதுதான் அந்தப் படத்தின் பெரும் சிறப்பு.

அந்தச் சிறப்பை ஸ்டெபனி என்ற பெண் கெடுத்தாள். மலிவான பழைய இத்தாலியப் படங்களைத் தேடிப்பிடித்து, துடைத்து, நகர நடுவிலுள்ள தியேட்டர் ஒன்றில் விழா எடுத்துக் காட்டுவது அவளுடைய வேலை. ‘மரகதத் தீவின் இரத்தக் கொள்ளையர்’ படத்தின் ஒரே பிரதி நேப்பிள்ஸில் யாரோ ஒருவருடைய நிலவறையில் கிடந்ததாம். தகப்பன் அதில் நடித்தவர் என்று சிவபாதத்தின் மகள் தனுஷிகா எப்போதோ இணையத்தில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஸ்டெபனி வீட்டுக்கே வந்துவிட்டாள். விழாவின் சிறப்பு விருந்தினர் அவர்தானாம்.

“எனக்கு முழங்கால் நோ,” என்றார் சிவபாதம்.

“கதிரையிலை இருந்து பாக்கிறதுக்கு முழங்கால் என்னத்துக்கு?” என்றாள் மனைவி பேபி. அதற்குள் அவள் தங்கள் கட்டடத்தின் பதினான்கு மாடிக்கும் செய்தி சொல்லி முடித்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் பட்டுச்சேலைகளும் கோட்டுகளுமாகப் பதினைந்து தமிழர் முன்வரிசையில் வந்து இருந்தார்கள். பின்னால் கறுப்பு ரீசேட் போட்ட இருநூறு இளைஞர்கள். ஸ்டெபனி மேடையேறி விளக்கம் சொன்னாள். பாய்மரக் கப்பல், கிழிந்த வரைபடம், புதைத்து வைத்த பொன் என்று உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் படித்த கடற்கொள்ளையர் கதையை இத்தாலியர்கள் எடுத்து, மூன்று கிழமைக்குள், ரோமுக்கு வெளியே ஒரு கல்லுக்குவாரியில் படமாக்கினார்கள். கதையில் ஏதோ குறைவதாகத் தயாரிப்பாளருக்குப் பட்டதால் நரமாமிசம் தின்னும் காட்டுவாசிகளையும், ஒரு முதலையையும், எதற்கெடுத்தாலும் சட்டை கிழிகிற ஒரு பொன்னிறக் கூந்தல்காரியையும் சேர்த்தார்கள். கொள்ளையர் தலைவன் மோட்டார் சைக்கிளில் வருவான். காரணம் யாருக்கும் தெரியாது. தயாரிப்பாளரின் மச்சானிடம் மோட்டார் சைக்கிள் கடை இருந்தது என்பது மட்டும் தெரியும்.

படம் தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில் சிவபாதம் தோன்றினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் சுடப்பட்டுச் செத்தார். கால்மணி நேரத்தில் வேறொரு விக்கோடு திரும்பி வந்து முதலையின் வாயில் போனார். மூன்றாம் தரம் பாறை விழுந்தது. நாலாம் தரம் அவர் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டியதும் இளைஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தத் தட்டு ஓய முன்னரே மோட்டார் சைக்கிள் அவர்மேல் ஏறிவிட்டது. தீவுத் தலைவனாக வந்தவன் உடம்பெல்லாம் கரி பூசிய ஒரு பருத்த இத்தாலியன். பேபி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சிவபாதம் தன் சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பிறகு பலிகொடுக்கும் காட்சி வந்தது. கரி பூசியவன் கைகளை வானத்துக்கு உயர்த்தினான். கீழே ஆங்கில எழுத்து ஓடியது: ‘எரிமலைத் தாயே, இவளுடைய குருதியை ஏற்றுக்கொள்!’ குரல் சிவபாதத்தின் குரல்.

“புனிதவதி, உம்மடை கடிதம் கிடைச்சுது. நான் இஞ்சை சுகம். இவங்கள் தந்த விக்குக்குள்ளை ஒரே பேன். உம்மை நினைக்காத நாளில்லை.”

 முன்வரிசையில் பதினைந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பதினைந்து பேர் என்பது தவறு. பேபி சிரிக்கவில்லை.

சிவபாதத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. படப்பிடிப்பு முடிந்தபின் தீவுத் தலைவனுக்குக் குரல் கொடுக்க ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிட்டு, “உன்னுடைய காட்டுப் பாஷையில் மூன்று நிமிடம் உருக்கமாக எதையாவது பேசு,” என்றார்கள். இருபத்தைந்து வயதில் அவருக்குத் தெரிந்த உருக்கம் அது ஒன்றுதான்.

படம் முடிந்ததும் ஸ்டெபனி அவரை மேடைக்கு அழைத்தாள். அந்தப் பிரார்த்தனையின் மொழியை இயக்குநர் ஆதிகுடிகளின் பேச்சை ஆராய்ந்து உருவாக்கினார் என்று அவள் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருந்தாள். “அதைப் பற்றிச் சொல்லுங்கள்,” என்றாள்.

சிவபாதம் தொண்டையைச் செருமினார். அவர் ஒரு நல்ல பொய்யைத் தேடி எடுப்பதற்குள் பேபி எழுந்து ஒலிவாங்கியை வாங்கிவிட்டாள்.

“அது தமிழ்,” என்றாள் ஆங்கிலத்தில். “இவர் ஒரு பெண்ணுக்குக் கடிதம் சொல்லுகிறார். அந்தப் பெண் நானில்லை.”

நாலு மரணங்களுக்கும் சேர்த்துக் கிடைக்காத கைதட்டல் அதற்குக் கிடைத்தது.

கார் நெடுஞ்சாலைக்கு ஏறியதும் பேபி கேட்டாள்.

“ஆர் உந்தப் புனிதவதி?”

“ரியூசன்லை கூடப் படிச்ச பிள்ளை. உம்மைக் கட்ட முந்தின கதையப்பா.”

“இப்ப எங்கை?”

“தெரியாது. தொண்ணூறிலை அவையின்ரை ஊரே இடம்பெயர்ந்தது. பிறகு ஒரு சேதியும் இல்லை.”

பேபி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். “அது இருக்கட்டும். வாட்சண்டை எங்கை?”

“வெட்டிப்போட்டாங்கள் போலை.”

“உந்த வாட்சண்டையை நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்! என்ரை தங்கச்சியின்ரை சம்பந்தம் பேசேக்கையும் சொன்னனான்!” என்று சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. புனிதவதியை மன்னிக்கலாம்; வாட்சண்டையை எப்படி மன்னிப்பது?

“மன்னிச்சுக்கொள்ளும்,” என்றார் சிவபாதம். கலியாணம் கட்டியதிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வந்ததை அவள் கேட்டதில்லை.

அடுத்த கிழமை ஸ்டெபனி தொலைபேசியில் வந்தாள். கட்டுரையைக் கிழித்தாயிற்று, படம் டிஸ்க்காக வெளிவர முன்னர் அந்தத் தமிழ்ப் பேச்சைச் சரியாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று பேபியைத்தான் கேட்டாள். பேபி சம்மதித்தாள். தனுஷிகாவின் கணினியைக் குசினி மேசையில் வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

சிவபாதம் பின்னால் வந்து நின்றார். “அந்தப் பேரை மட்டும் விட்டுடுமன்.”

“ஏன் விடோணும்? உலகம் முழுக்கப் போற படம். அந்தப் பிள்ளை எங்கையாவது உயிரோடை இருந்தால், கடிதம் போய்ச் சேரட்டும்.”

சிவபாதம் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். பேபி ஒரு வாய் குடித்து, சீனி காணாது என்று சொல்லிவிட்டு, ‘உம்மை நினைக்காத நாளில்லை’ என்ற வரியை இன்னொரு தரம் ஓடவிட்டுக் கேட்டாள்.