எங்கள் தரப்பில் இழப்பு: ஒரு கழுதை

இரண்டாம் உலகப் போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, கேப்டன் ஹார்லாண்டர் ஜெர்மன் ராணுவத்தில் தான் நடத்திய மலைப்படைக் கம்பெனியின் வரலாற்றை எழுதி முடித்தார். இப்போது அவர் ஊர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். கழுதைகளைப் பற்றிய பகுதியைச் சரிபார்க்கச் சொல்லி அச்சுத்தாள்களைக் குவிரினுக்கு அனுப்பிவைத்தார். கம்பெனியின் இயந்திரத் துப்பாக்கிகளையும் குண்டுப்பெட்டிகளையும் சுமந்த கோவேறு கழுதைகளை நடத்தியவன் குவிரின். இப்போது சுற்றுலாக்காரர்களைச் சிகரத்துக்கு ஏற்றும் ரோப் காரில் அவனுக்கு வேலை.

மத்தியான இடைவேளையில், ரொட்டியைக் கடித்தபடி தாள்களைப் புரட்டினான். காகசஸ் பனி, கொடி நட்ட சிகரம், உறைந்துபோன விரல்கள். அப்புறம் 1943 ஆகஸ்ட், கிரேக்க மலைகள். 'கொள்ளையர் பதுங்கிய ஒரு கிராமம், கடும் எதிர்ப்புக்கிடையே துப்புரவு செய்யப்பட்டது. எங்கள் தரப்பில் இழப்பு: ஒரு கழுதை.'

மூன்று தடவை படித்தான். மீதி ரொட்டியை மூடி வைத்துவிட்டான்.

எதிர்ப்பு என்று ஒன்றும் இருக்கவில்லை. விடியும்போது போனார்கள்; ஜனங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஊருக்குக் கீழே ஊற்றடியில் கழுதைகளோடு நிற்கும்படி குவிரினுக்கு உத்தரவு. நின்றான். முதலில் அலறலும் வெடிச் சத்தமும் சேர்ந்து கேட்டன. பிறகு வெடிச் சத்தம் மட்டும். அதுவும் நின்றபின், சாமான் ஏற்றக் கழுதைகளை மேலே கொண்டுவரச் சொன்னார்கள்.

செம்புப் பாத்திரங்கள், கம்பளிகள், காலைக் கட்டிய கோழிகள். லீசல் என்ற கழுதையின் மேல் ஒரு தையல் மெஷினை ஏற்றினார்கள். ஊசியில் நூல் இருந்தது. அடியில் பாதி தைத்த ஒரு குழந்தைச் சட்டை. கேப்டன் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, "இது என் வீட்டுக்கு. பத்திரம்" என்றார். சமையற்காரன் கஸ்பர் தேவாலயத்துக்கு எதிரே ஆடுகளை வாட்டினான். பத்தடி தள்ளி ஒரு குடும்பமே வாசற்படியில் கிடந்தது. கொழுப்பு வழிந்த கைகளை அந்த வீட்டுச் சுவரிலேயே துடைத்துக்கொண்டு தின்றார்கள். குவிரினும் தின்றான்.

இறங்கும்போது பாரம் தாங்காமல் லீசல் பள்ளத்தில் உருண்டது. கயிறு கட்டி இறங்கி மெஷினை மட்டும் எடுத்துவந்தார்கள். குவிரின் தேம்பித் தேம்பி அழுதான். அன்று முழுக்க அவன் அழுதது அந்த ஒரு தடவைதான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தோலையே உரித்து எறிந்துவிட வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் கேப்டன் வீட்டுக்குப் போனான். கூடத்து ஓரத்தில் அந்தத் தையல் மெஷின் இருந்தது. மேலே பின்னல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

"வா குவிரின், உக்காரு. கழுதை சமாச்சாரமெல்லாம் சரியா இருக்கா?"

"அது சரிதான் கேப்டன். மத்ததுதான் சரியில்ல. எதிர்ப்புன்னு எழுதியிருக்கீங்களே, யாரு எதிர்த்தாங்க? தூங்கிட்டிருந்தவங்களா?"

கேப்டன் பிளம்ஸ் கேக்கை வெட்டி, மேலே க்ரீமை அள்ளி வைத்தார். "நீ கீழ ஊத்துகிட்ட நின்ன. உனக்கென்ன தெரியும்?"

"அப்புறம் மேல வந்தேனே. கழுதைங்ககூட ஒருத்தரையும் மிதிக்காம தாண்டித் தாண்டிப் போச்சுங்க. பாத்தேன்."

"கறிய நீயும்தானே தின்ன?"

"தின்னேன். அதையும் எழுதுங்க."

கேப்டன் நிதானமாக மென்றார். மீசையில் க்ரீம் ஒட்டியிருந்தது. கடைசியில் அவர் அவன் தோளைத் தட்டினார். "புரியுதுப்பா. லீசலுக்கு ஒரே வரிதான்னு உனக்கு வருத்தம். விரிவா எழுதிடறேன். படம்கூட ஒண்ணு இருக்கு."

சொன்னபடியே எழுதினார். அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விடுதிக் கூடத்தில் பழைய வீரர்கள் கூடினார்கள். நாற்பது பேர் இருக்கும். ஈரல் உருண்டை சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது கேப்டன் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் வாசித்தார். லீசலின் பொறுமை, லீசலின் கண்கள், லீசலின் வீர மரணம். தடித்த கழுத்துக்காரர்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள்.

குவிரின் எழுந்தான்.

"அந்தக் கழுதை எதைச் சுமந்துச்சுன்னு சொல்லலியே கேப்டன். உங்க கூடத்துல இருக்கிற தையல் மெஷினைச் சுமந்துச்சு. அதுக்குச் சொந்தக்காரி வாசல்ல கிடந்தா. மொத்தம் அறுபத்து மூணு பேருன்னு நீங்கதான் எண்ணி ரேடியோவுல மேலிடத்துக்குச் சொன்னீங்க. அதுல கைக்குழந்தைங்களைச் சேத்தீங்களா இல்லியான்னு மட்டும்தான் எனக்குத் தெரியல."

யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

"ஏம்ப்பா, சூப்பு ஆறுது," என்றான் கஸ்பர். "சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?"

"குவிரினுக்கு இன்னொரு பீர் குடுங்கப்பா" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

கேப்டன் கையை உயர்த்தினார். "பாவம், அவனுக்குக் கழுதை மேல அவ்வளவு பாசம். லீசலுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. நாற்பது பேரும் தலை குனிந்து நின்றார்கள். குவிரின் வெளியே ஓடி, விடுதிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

திங்கட்கிழமை நகரத்துக்குப் போய் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுத்தான். எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார்: "இதுல உங்க பங்கு என்ன?"

"சாமான் ஏத்துனேன். ஆட்டுக்கறி தின்னேன். கழுதைக்காக அழுதேன்."

"அழுததெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி, முதல் இரண்டை மட்டும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊருக்கு எட்டிவிட்டது. மனைவி வால்புர்கா கதவருகே நின்றிருந்தாள். "கல்யாணமாகி ஒம்பது வருஷம். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என் பக்கத்துல படுத்திருப்பியா?"

அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனாள். வீட்டை விட்டுப் போகவில்லை, ஆனால் கீழே படுக்கவும் வரவில்லை.

பதினாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: போதிய ஆதாரம் இல்லை, விசாரணை முடிக்கப்பட்டது. அதற்குள் ரோப் கார் நிர்வாகம் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தது. இரண்டு ஊர் தள்ளி ஒரு மர அறுவை ஆலையில் சேர்ந்திருந்தான். புத்தகம் மூன்றாம் பதிப்புக்குப் போயிருந்தது.

தெருவில் எதிர்ப்பட்டால் கேப்டன் எப்போதும்போலத் தொப்பியை உயர்த்தி வணக்கம் சொல்வார். குவிரின் அவர் காலடியில் துப்புவான். அவர் எச்சில் படாமல் பூட்ஸ் காலைத் தள்ளி வைத்து நடந்துபோவார். குவிரினுக்கு வரவர மரியாதை தெரியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.