மடித்து வெட்டிய துணி

என் தையலில் ஒன்பது வருடமாக யாரும் குறை சொன்னதில்லை, வக்கீலம்மாவைத் தவிர. அவர் சொன்னதையும் நான் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. சட்டை இடது பக்கம் பிடித்து இழுக்கிறது என்பார். கண்ணாடி முன்னால் நிறுத்தி, நேராக நிற்கச் சொல்வேன். கோர்ட்டில் எதிராளியைத் தண்ணீர் குடிக்க வைக்கிற அம்மாள், என் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தோளை நிமிர்த்துவார். அப்போதும் இழுக்கும். உடம்பு கோணலாக இருந்தால் தையல்காரி என்ன செய்வாள் என்று எனக்குச் சாதகமாக நானே தீர்ப்பு எழுதிக்கொள்வேன்.

போன மாதம் புதுச் சட்டைக்குத் துணி கொடுத்தபோது, இதுவும் இழுத்தால் அடுத்த தெரு மாஸ்டரிடம் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போயும் போயும் அந்த ஆளிடமா?

அந்த நேரம் பார்த்து என் உடம்பிலேயே அளவு தப்பியது.

என் மகனுக்கு அப்போது நான்கு மாதம். அவன் செய்கிற அதிகாரத்தைப் பார்த்து நாங்கள் துரை என்றுதான் கூப்பிடுவோம். துரை இடது பக்கம் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாகக் குடிப்பான். வலது பக்கம் வைத்தால் உடம்பை முறுக்கிக்கொண்டு கத்துவான். போகப்போக இடது மார்பு பெருத்துக்கொண்டே போக, வலது மார்பு எனக்கென்ன என்று சுருங்கிப்போனது. கடையில் ஆளுயரக் கண்ணாடி மூன்று இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மானம் போயிற்று. வலது பக்கம் துரையின் காலுறையைச் சுருட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு உயரம் அளக்கக் குனிந்தபோது அது நழுவி அவள் காலடியில் விழுந்தது. குழந்தையுடையது என்றேன். உண்மைதானே.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற என் வீட்டுக்காரர், ஒரு பக்கம் கேஸ் இறங்கிவிட்டது போல என்றார். அன்று ராத்திரி அவர் தட்டில் அவரேதான் சோறு போட்டுக்கொண்டார்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மாவிடம் துரையின் பிடிவாதத்தைப் பற்றிப் புகார் சொன்னேன். அவர் துரையை விட்டுவிட்டு என்னை விசாரித்தார். இடது கையில் பிள்ளையைப் பிடித்திருக்கும்போது வலது கை என்ன செய்யும் என்று கேட்டார்.

"பட்டன் தைக்கும்," என்றேன்.

"ஊசியை வச்சுக்கிட்டா பால் குடுக்குறீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துரை ஒன்றும் பிடிவாதக்காரன் இல்லை. வலது கை வேலைக்கு வேண்டும் என்று நான்தான் அவனை இடது பக்கமே பழக்கியிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, பசி வந்ததும் முதலில் வலது பக்கம் கொடுத்துப் பழக்குங்கள், இடதை ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும் என்றார் நர்ஸம்மா. பால் மறந்த பிறகு பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுமாம். கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"யாருக்குமே ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்காதும்மா. உங்களுக்கு இப்பக் கொஞ்சம் கூடத் தெரியுது, அவ்வளவுதான்."

பழையபடி ஆகும்வரைக்கும் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு சட்டை வேண்டுமே. துணியை இரண்டாக மடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை வைத்தேன். கை நின்றுவிட்டது. மடித்து வெட்டினால் இரண்டு முன்பக்கமும் ஒரே அளவில்தானே வரும்? துணியைப் பிரித்தேன். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாக வெட்டினேன். என் தொழிலில் அதுதான் முதல் தடவை. தைத்துப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வக்கீலம்மா ஞாபகம் வந்தது. அவருக்கு நான் மார்பைச் சுற்றி ஒரே அளவுதான் எடுத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக மடித்துத்தான் வெட்டியிருக்கிறேன். கடையில் முடிந்து தொங்குகிற சட்டையும் அப்படி வெட்டியதுதான்.

மறுநாள் அவர் வந்து போட்டுப் பார்த்தார். இழுத்தது. நான் வாயைத் திறக்குமுன்னே பாவம், தானாகவே தோளை நிமிர்த்திக்கொண்டார். டேப்பை எடுத்து ஒவ்வொரு பக்கமாக அளந்தேன். இடது பக்கம் முக்கால் அங்குலம் கூட. பேசாமல் பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கலாம், ஆனால் என்னால் முடியவில்லை.

"மேடம், நீங்க நேராத்தான் நிக்கிறீங்க. இத்தனை வருஷமா தப்பு என்னோடது. துணியை மடிச்சு வெட்டிட்டேன்."

வக்கீலம்மா கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

"நீ சொன்னேன்னு தோளை நிமிர்த்த ரெண்டு வருஷமா பிசியோதெரபி போயிட்டிருக்கேன்."

அடுத்த தெரு மாஸ்டர் மனதுக்குள் வந்து சிரித்தார். நல்லவேளை, கடை மூலையில் கட்டியிருந்த தொட்டிலில் துரை அழுதான். எடுத்து வலது பக்கம் வைத்தேன். இரண்டு முறை முறுக்கினான், மூன்றாவது முறை பிடித்துக்கொண்டான். வலது கை அவனுக்கடியில் மாட்டிக்கொண்டது. வக்கீலம்மா கழற்றிக் கொடுத்த சட்டையின் தையலை இடது கையால் பிரிக்கத் தட்டுத்தடுமாறினேன்.

அவர் சட்டையை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"முதல்ல அவன் குடிக்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்கு வாய்தா."

சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, தோள் இரண்டையும் தொங்கவிட்டார். துரை குடித்து முடிக்கும்வரை, என் கடையில் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, அவர் கோணலாக உட்கார்ந்திருந்தார்.