ஐஸ் வைத்ததும் சுண்டு போட்ட சத்தம்

சுண்டு பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்க்க வந்த தாய்மாமன் தொட்டிலுக்குள் தலையை விட்டு, "மாமாவைப் பாருடா" என்று கொஞ்சினான். கூடவே நாலைந்து தும்மலையும் போட்டுவிட்டுப் போனான். சில நாளில் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. பின்னாலேயே காய்ச்சல்.

சுண்டுவின் அம்மாவுக்குத் தையல் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. அன்று காலை அவள் பால் கொடுக்க எடுத்தபோது குழந்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நிறமும் வெளுத்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். பெடலிலிருந்து காலை எடுக்காமல் மிதித்த தையல் மிஷின் மாதிரி உள்ளே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க கை வச்சுப் பாருங்க."

பள்ளி வேன் ஓட்டும் கணவன் வந்து தொட்டுப் பார்த்தான். "காய்ச்சல்னா கொஞ்சம் வேகமாத்தானே அடிக்கும்?"

"இது கொஞ்சம் இல்ல. வண்டிய எடுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள். அதுவரை கொஞ்சிக் கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தவள், மானிட்டர் திரையைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தார். "வைரஸ் காய்ச்சல்ல சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகறதுண்டு. இதயத்த அடிக்க வைக்கிற கரண்ட் நேரா போகாம ஒரே வட்டமா சுத்துது. அந்தச் சுத்தல நிறுத்திடலாம். சிஸ்டர், ஐஸ் பை."

"காய்ச்சல் பிள்ளைக்கு ஐஸா?" என்றான் அப்பா.

"முகத்துல திடீர்னு குளிர் பட்டா இதயம் தானா நிதானத்துக்கு வரும். கேக்கலன்னா ஊசி மருந்து தயாரா இருக்கு. வீட்டுல மட்டும் இதச் செஞ்சு பாத்துடாதீங்க."

மூக்கையும் வாயையும் விட்டு, நெற்றியிலும் கண்களின் மேலும் பையை வைத்து எடுத்தார்கள். சுண்டு முகத்தைச் சுளித்ததோடு சரி. திரையில் ஓட்டம் குறையவில்லை. அம்மா கணவனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தார்கள். திரையில் கோடு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. அடுத்தடுத்து, நிதானமாக. அப்புறம் சுண்டு வீறிட்ட வீறிடலில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா திட்டுறான். திட்டட்டும்," என்று டாக்டரம்மா சிரித்தார்.

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஸ்கேனில் இதயத்தில் வேறு கோளாறு எதுவும் இல்லை. சில மாதம் சொட்டு மருந்து கொடுத்தால் போதும் என்றார்கள்.

சேதி கேட்டு ஓடி வந்த தாய்மாமன், மாஸ்க் மேல் மாஸ்க் போட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவே மாட்டேன் என்றுவிட்டான். அம்மா எழுந்து வெளியே போனாள்.

"என்னாலதானே அக்கா?"

"இருக்கும். யாரு கண்டா. அதுக்காக இங்க நின்னு அழாத. எனக்குப் பசிக்குது, போய் ஏதாச்சும் வாங்கிட்டு வா."

குழந்தை வீடு திரும்பியதும் அவன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "சளி இருக்கா? இருமுறீங்களா?" என்று விசாரணை. அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் வாசலோடு திரும்பியே போய்விட்டாள்.

"டேய், நீ பிள்ளைக்குக் காவலா, என் கடைக்குப் பூட்டா?" என்றாள் அக்கா.

"ரெண்டும்தான்," என்றான் தம்பி, நாற்காலியை விட்டு அசையாமல்.