விளம்பரத்தில் வந்த ரவிக்கை

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் தையல் கடை என்னுடையது. தாட்சாயணி தைத்தால் தப்பாது என்று திருப்பதியிலிருந்துகூடத் தேடி வருவார்கள். என் நைனா ஏழுமலை கடைசிவரை அடுத்தவர் மாந்தோப்பில் கூலிக்குப் போனவர். அதனால், படங்களைச் சேமிக்கும் ஒரு செயலி 'ஓனர் பெயர்' என்று கேட்டதும் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பெயரை அடித்தேன். கீழே நீளமாக இருந்த நிபந்தனைகளில் ஒரு வரிகூடப் படிக்காமல் 'சம்மதம்' என்று அமுக்கினேன்.

கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்க்கும்போதே, அளவுச் சீட்டைத் தோளில் குத்தி ஒரு படம் எடுத்து அதில் ஏற்றிவிடுவேன். அடுத்த முறை தைக்க வசதி.

எட்டு மாதம் கழித்து அந்தச் செயலியின் விளம்பரம் என் போனிலேயே வந்தது. என்னிடம் கல்யாண ரவிக்கை தைத்துக்கொண்ட திருப்பதி மாதவியின் முதுகு. தோளில் சீட்டு, சீட்டில் அவள் பெயரும் மார்பளவும்.

செயலியைப் போட்டுக் கொடுத்த போன் கடை ரமணாவைக் கூப்பிட்டேன்.

"படம் உங்களுதுதான்க்கா. ஆனா விளம்பரத்துல காட்டிக்கலாம்னு நீங்கதான் ஒத்துக்கினு இருக்கீங்க."

அவனை உட்காரவைத்து அத்தனை பக்கத்தையும் படித்துச் சொல்லவைத்தேன். படத்தை அழித்தால் அவர்கள் உரிமையும் முடியும் என்று ஒரு வரி. படத்தில் இருப்பவரின் சம்மதத்தை ஏற்றுபவரே வாங்கியிருக்க வேண்டும் என்று இன்னொரு வரி. கம்பெனிக்காரனைத் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். நான்தான் யாரையும் கேட்கவில்லையே.

எல்லாப் படத்தையும் அழித்தேன். இரண்டு நாளில் விளம்பரமும் நின்றது.

"வுட்டுடுங்கக்கா. மாதவி வூட்டுல பாத்திருக்க மாட்டாங்க" என்றான் ரமணா.

"பாக்கலன்னா தப்பு இல்லன்னு ஆய்டுமா? ஒளிஞ்சிக்கினு கடை நடத்தறவ இல்ல நானு."

மறுநாள் காலை திருப்பதி பஸ் ஏறினேன். மாதவியின் அம்மா குமுதவல்லி மாமி. கோயில் கைங்கரியக் குடும்பம். யார் முன்னாலும் தலைகுனிந்து பழகாத நான் அவர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

மாமியின் முகம் சிவந்தது. "வேற யாராவது சொல்லித் தெரிஞ்சிருந்தா, உன்னை இந்த வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன்."

கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன மாதவி அன்று அம்மா வீட்டில்தான் இருந்தாள். "என் படம் மட்டுந்தானா?" என்றாள்.

"நாப்பத்தோரு பேரு இருந்தாங்க பாப்பா. வெளிய வந்து நான் பாத்தது உன்னுதுதான். எல்லார் வூட்டுக்கும் போய் சொல்லப்போறேன். உன் வூடுதான் மொதல்ல."

"அத்தனை பேரும் உன் கடைக்கு வராம போயிட்டா?" என்றார் மாமி.

"போனா போவட்டும் மாமி. மறைச்சவள்ன்ற பேரு மட்டும் எனக்கு வாணாம்."

மாதவி எழுந்து வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"சீமந்தத்துக்கு ரவிக்கை வேணும். பழைய அளவு சேராது, புதுசா எடுங்கோ. படம் வேண்டாம்."