தோல் மூடும் நேரம்

வயிற்றில் போட்ட வெட்டைப் பாதி மூடியதும் தோல் தைக்கும் ஸ்டேப்ளர் சிக்கிக்கொண்டது. டாக்டரம்மா மறுபடி அழுத்தினாள். கம்பி கோணலாக இறங்கித் தோலின் ஒரு ஓரத்தை மட்டும் கவ்வியது.

“வேற ஒண்ணு கொடுங்க சிஸ்டர்.”

“இனிமே ஸ்டோர்லேர்ந்துதான் வரணும் டாக்டர். கையாலயே தைச்சிடுங்களேன், உங்க தையலுக்கு என்ன!”

நர்ஸ் பாராட்டாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா தைத்தால் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் பேச்சு உண்டு. அப்படிப்பட்டவள் கொஞ்ச காலமாக மெஷினே கதி என்று இருந்தாள். கேட்டவர்களிடம், நேரம் மிச்சம் என்றாள். உள்தையலை, பழகட்டும் என்று ஜூனியரிடம் விட்டாள். இரண்டும் பொய்யில்லை. அதனால்தான் அவற்றின் பின்னால் அவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்ள முடிந்தது.

மேஜையில் கிடந்தவள் குடல் அடைப்போடு வந்த சின்ன வயசுப் பெண். டாக்டரம்மா ஊசியை எடுத்து, மணிக்கட்டை ஊன்றிப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். ஊசிமுனை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதிரே ஜூனியரின் கண்கள் முகமூடிக்கு மேல் விரிந்தன.

“பிரஷர் இறங்குது,” என்றான் தலைமாட்டில் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அவள் கணவன். “நீ இப்படி வந்து பாரு. தம்பி தைக்கட்டும்.”

ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் பிரஷர் இறங்காமல் கல்லுப்போல் நின்றது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

கை கழுவும் இடத்தில் அவனிடம் கேட்டாள்: “எப்பலேர்ந்து தெரியும்?”

“பாப்பாவுக்குத் தலை பின்னிவிடறத நிறுத்தினியே, அப்பலேர்ந்து.”

“ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.” குழாயை மூடினான். “இன்னொரு தடவை என்னைப் பொய் சொல்ல வைக்காதே. அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே இறங்கியிருந்தா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்தாள்.

வராந்தாவில் பெண்ணின் அம்மா ஓடி வந்தாள். “என் பொண்ணு...?”

“நல்லா இருக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல கண் முழிச்சிடுவா.”

“தையலெல்லாம் நீங்களே போட்டீங்களாம்மா?”

“இல்லம்மா,” என்றாள். “என்னால முடியல.”

அந்த அம்மாள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள், பாதியில் நிறுத்தினாள்.

“ஐயோ, இப்படி நடுங்குதே! உள்ள அவ்வளவு குளிரா?”

டாக்டரம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தும் அவள் விடவில்லை. வலது கையைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடுபறக்கத் தேய்த்தாள், ஊதினாள், நடுக்கம் அடங்கவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.